தேர் வந்து நின்ற பிறகு

கேள்வி:

அக்கா, இதைத் தமிழில் எழுதுகிறேன். என் கணவர் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அதனால்தான்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் மாமியாரோடு இருக்கிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. அவர் இந்த நாட்டு ராணுவத்தில் சார்ஜென்ட். 2024 ஏப்ரலில் காங்கோவுக்குப் போனார். ஒரு வருஷம் என்றுதான் சொன்னார்கள். 2025 ஜனவரிக் கடைசியில் அங்கே கோமா நகரத்தில் சண்டை முற்றியபோது மூன்று நாள் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. டிவியில் செத்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு வரி வந்தது. வீட்டுக்கு வந்தது ஜூனில்.

வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. லவுஞ்ச் சோபாவில், வாசல் கதவைப் பார்த்தபடிதான் படுக்கிறார். தீபாவளி வெடிச் சத்தத்தில் கராஜுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். வந்த அன்று பெண் அவரை "அங்கிள்" என்று கூப்பிட்டாள். இப்போதும் அவர் தூக்கினால் விறைத்துப்போகிறாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் மருந்துக்கடை வேலைக்குப் போவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் இல்லாமலே எல்லாம் நடக்குதே, அப்புறம் நான் எதுக்கு?" என்கிறார். போன மாதம் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். என்னை அடித்ததில்லை. "உசுரோட வந்தானே, அது போதாதா?" என்கிறார் மாமியார்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த மூன்றாம் நாள் ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பையனுடைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். வீட்டுப் பாண்டு, அதாவது வீட்டுக் கடன், எவ்வளவு, ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, அவர் போய்விட்டால் எவ்வளவு பணம் வரும், என் சம்பளத்தில் சமாளிக்க முடியுமா என்று. அழுகை வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தபோதும் வரவில்லை. இப்போது பக்கத்தில் உட்கார்ந்தால் யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கிறது. நான் கெட்டவளா? என் கல்யாணம் முடிந்துவிட்டதா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்களை யாரும் அடையாளம் காணாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த நோட்டை மட்டும் மாற்றவில்லை. அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களையும் உறவைப் பறிகொடுத்தவர்களையும் கவனித்த மருத்துவர்களில் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவரும் ஒருவர். துக்கத்தைப் பற்றி அவர் 1944இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் எங்கள் துறையின் அடிப்படைப் பாடம். அதன் முடிவுப் பகுதியில், இறப்பே நடக்காத ஒரு துக்கத்தைப் பற்றிச் சொல்கிறார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். களத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய ஒரு சிப்பாய் அவரிடம் வந்து, "என் மனைவிக்கு என்மேல் அன்பே இல்லை, விவாகரத்து கேட்கிறாள்" என்று முறையிடுகிறார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதை லிண்டமன் விளக்குகிறார். கணவன் இறந்துவிடுவான் என்ற பயத்திலேயே அவள் துக்கம் முழுவதையும் முன்கூட்டியே அனுபவித்துத் தீர்த்துவிட்டாள். மனம் தன்னை அவனிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டது. அவனோ உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான். இதற்கு அவர் வைத்த பெயர் முன்கூட்டிய துக்கம்.

அந்த மூன்று இரவுகளில் உங்களுக்கும் இதுதான் நடந்தது. அழுகை வராமல் கணக்கு வந்ததே என்று உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொள்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரு மூதாட்டியும் தூங்கும் வீட்டில், பிறந்த ஊருக்குக் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், நாளைக்குக் கூரை நிற்குமா என்று பார்த்திருக்கிறாள். அந்தக் கணக்கில் பணம் மட்டுமா இருந்தது? இந்த வீட்டை விடாமல் பிடித்துக்கொள்வேன் என்பதும் இருந்தது. உங்களைக் கெட்டவள் என்று சொல்ல இந்தக் கடிதத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் வழக்கத்தில் ஒருவர் இறந்தால் பத்து உண்டு, பதினாறு உண்டு. ஊர் கூடும், அழும், சோறு போடும். இறந்துவிட்டதாக மனம் முடிவு செய்துவிட்ட ஒருவர் திரும்பி வந்தால், அந்த முடிவை அவிழ்க்க ஒரு சடங்கும் கிடையாது. "உயிரோடு இருக்கிறேன்" என்ற ஒரு வரி போனில் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் உடம்பு எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் யாரோ மாதிரி இருக்கிறது என்பதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி கல்யாணம் முடிந்துவிட்டதா என்பது. எட்டு மாதத்தைப் பார்த்து யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரிவு ஒரு நெருக்கடி, திரும்பி வருதல் இன்னொரு நெருக்கடி. முதலாவதைத் தாங்கியவர்கள் இரண்டாவதிலும் தானாகத் தேறிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அயோவா மாநிலக் குடும்பங்களை ஆராய்ந்த ரூபன் ஹில் என்ற சமூகவியலாளர் இவ்விரண்டையும் தனித்தனியாகத்தான் பார்த்தார். போர் முடிந்த மறுவருடம், 1946இல், அமெரிக்காவில் சுமார் 6,10,000 விவாகரத்துகள் நடந்தன. அதுவரை அந்த நாடு கண்டிராத எண்ணிக்கை. அவசரத்தில் செய்த போர்க்காலக் கல்யாணங்களும் அதில் அடக்கம். ஆனாலும் ஆண்கள் களத்தில் இருந்த வருடங்களைத் தாண்டி, அவர்கள் வீடு வந்து சேர்ந்த பிறகு அது உச்சத்தைத் தொட்டது என்பதை நான் மறப்பதில்லை.

நீங்கள் தஞ்சாவூர்ப் பெண், முல்லைத் திணையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். போருக்குப் போனவன் கார்காலத்துக்குள் வருவேன் என்று சொல்லிப் போயிருப்பான். அவள் ஆற்றியிருப்பாள். வீட்டு முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி, அதாவது நற்சொல், கேட்பார்கள். நீங்களும் மாமியாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்தபோது எனக்கு அந்த விரிச்சிதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பாட்டுகளில் தேர் வந்து நின்றதும் எல்லாம் நிறைவேறிவிடும். தேரை விட்டு இறங்கியவன் இரவில் எங்கே படுத்தான், அவன் பிள்ளை அவனை என்னவென்று கூப்பிட்டது என்று எந்தப் பாட்டும் எனக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டு வரலாறும் அப்படித்தான். 1899இல் போயர் போரின்போது, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் ஏறத்தாழ 1,100 இந்தியர்கள், பெரும்பாலும் தோட்டக் கூலிகள், போர்க்களத்தில் தூக்குக்கட்டில் சுமக்கப் போனார்கள். காந்தி அவர்களோடு இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்ட லயன் வீடுகளில் அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

உங்கள் கணவர் எதிலிருந்து வந்திருக்கிறார் என்பதை உங்கள் மாமியாரும் அக்கம்பக்கமும் புரிந்துகொண்டார்களா என்று தெரியவில்லை. தென்னாப்பிரிக்கா, மலாவி, தான்சானியா நாடுகளின் படைகள் 2023 டிசம்பரில் கிழக்குக் காங்கோவுக்குப் போகத் தொடங்கின. 2025 ஜனவரியில் சாக்கேயிலும் கோமாவிலும் நடந்த சண்டையில் நம் வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். கோமா நகரம் எம் 23 என்ற கிளர்ச்சிப் படையின் கைக்குப் போயிற்று, விமான நிலையம் மூடப்பட்டது. உயிர் தப்பியவர்கள் முகாமுக்குள்ளேயே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள், சுற்றிலும் எதிராளி. மார்ச் 13 அன்று ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் தலைவர்கள் கூடி அந்தப் பணியை முடித்துக்கொள்ள முடிவு செய்தார்கள். ஏப்ரல் கடைசியில்தான் வெளியேற்றம் தொடங்கியது, அதுவும் ருவாண்டா வழியாகச் சாலைப் பயணம். இறந்தவர்கள் பிப்ரவரியில் கொடி போர்த்தி வந்தார்கள், நாடே எழுந்து நின்றது. உயிரோடு இருந்தவர்கள் அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் வந்தார்கள். வென்றோம் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாமல், தோழர்களை விட்டுவிட்டு நான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்ற கேள்வியோடு வருகிறவனிடம் "உசுரோட வந்தியே, போதாதா" என்று சொன்னால், அந்த வார்த்தை அவனுக்கும் குத்தும்.

இப்போது சோபா. உங்களைத் தவிர்க்கத்தான் அங்கே படுக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கடிதத்தில் அப்படி எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கிடையில் அது இருக்கிறது. வாசலைப் பார்த்தபடி படுப்பதும், வெடிச் சத்தத்தில் ஓடி ஒளிவதும், திடீர்க் கோபமும், பிள்ளையிடம்கூட மரத்துப்போனது போல இருப்பதும் ஒரே வேரிலிருந்து வரலாம். உயிருக்கு ஆபத்து என்று மாதக்கணக்கில் விழித்திருந்த உடம்பு, ஆபத்து போன பிறகும் காவலை விடுவதில்லை. கதவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் தன்னைக் கிடத்திக்கொள்கிறது. அவருடைய உடம்பு இன்னும் காவல் பணியில் இருக்கிறது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று பெயர் சூட்டி நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அவரை நேரில் பார்க்காமல் அவருக்கு அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். இங்கே எட்டு மாதம் ஆகிவிட்டது.

நான் 1990களில் பயிற்சி பெற்ற இடத்துக்கு தென்னாப்பிரிக்க ராணுவம் அங்கோலா எல்லையில் நடத்திய போரில் இருந்தவர்களின் மனைவிமார் வருவார்கள். கட்டாய ராணுவ சேவை அந்தக் காலத்தில் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும்தான். அவர்களில் ஒரு பெண், வீட்டில் கணவன் தூங்கும்போது அவரைத் தொட்டு எழுப்பியதே இல்லை என்றார். அறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். போர் முடிந்து பல வருடம் ஆகியும் அப்படித்தான். "பழகிப்போச்சு" என்று சொன்னார். அந்தப் பழக்கத்தை நினைத்து நான் இன்றைக்கும் வருந்துகிறேன், ஏனென்றால் குணமாகக்கூடிய ஒன்றுக்கு அந்தக் குடும்பம் பழகிப்போனது. நீங்கள் பழகிவிடாதீர்கள். அதிர்ச்சியை நேராகப் பேசிக் கையாளும் சிகிச்சைகள் இருக்கின்றன. பெரும்பாலும் 8 முதல் 16 அமர்வுகளில் முடிபவை, பலருக்கு நன்றாகப் பலன் தருபவை. கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்காரும் 15 அமர்வுச் சிகிச்சை ஒன்றும் உண்டு.

எங்கே போவது? ராணுவ மருத்துவப் பிரிவில் உளவியலாளர்களும் சமூகப் பணியாளர்களும் இருக்கிறார்கள். வீரர்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் அங்கே சிகிச்சை உண்டு, அதாவது உங்களுக்கும். அவர் தயங்குவார். "கோப்பில் எழுதிவிட்டால் அடுத்த முறை அனுப்ப மாட்டார்கள்" என்பார். வெளிநாட்டுப் பணிக்குக் கிடைக்கும் கூடுதல் படியை நம்பித்தான் பல வீடுகள் பாண்டு கட்டுகின்றன, அந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். முதலில் ராணுவத்துக்கு வெளியே ஒருவரைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். தம்பதி ஆலோசனைக்கு டர்பனில் ஃபாம்சா என்ற அமைப்பு இருக்கிறது. நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் சாடாக், லைஃப்லைன் என்ற மனநல உதவி அமைப்புகள் தொலைபேசியில் கிடைக்கும். பேச்சை எடுக்கும்போது "உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, டாக்டரைப் பாருங்கள்" என்று தொடங்க வேண்டாம். "எனக்குத் தூக்கம் வரவில்லை, நாம் இரண்டு பேரும் ஒருத்தரைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அது பொய்யும் இல்லை.

அந்தத் தட்டைப் பற்றி நேராகப் பேசுகிறேன். காயம்பட்ட மனம் கோபத்துக்குக் காரணம் ஆகலாம், அனுமதி ஆகாது. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறையாக எண்ணவில்லை. மிரட்டுவது, பொருளை உடைப்பது, மனத்தைப் புண்படுத்துவது எல்லாம் அதில் வரும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. நாளைக்கே போங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், "இன்னொரு முறை இப்படி நடந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றிரவு வேறு வீட்டில் தங்குவேன்" என்று சொல்லுங்கள். அது யார் வீடு என்பதை முன்னாலேயே முடிவு செய்து, அவர்களிடமும் சொல்லி வையுங்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால், சிகிச்சை முடியும் வரை அது வீட்டுக்கு வெளியே, முறையான பாதுகாப்பில் இருக்கட்டும். "நான் எதுக்கு?" என்று அவர் கேட்பது வேலை, கார் பற்றிய ஆதங்கம் மட்டும்தானா என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கே ஆர்.கே. கான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ ராணுவ மருத்துவர்களிடமோ கூட்டிப் போங்கள்.

உங்களைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நான் கேட்கிறேன். தூங்குகிறீர்களா? சாப்பிடுகிறீர்களா? 2003 முதல் 2006 வரை 2,50,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் மனைவியரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கணவன் 11 மாதம் வரை களத்தில் இருந்த பெண்களில், கணவன் போகாதவர்களைவிட 1,000 பேருக்கு 27 பேர் கூடுதலாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றிருந்தார்கள். 11 மாதத்தைத் தாண்டியபோது அது 39 ஆனது. தூக்கக் கோளாறும் பதற்றமும் அதே போல ஏறின. உங்கள் கணவர் இருந்தது 14 மாதம். போருக்குப் போனது அவர்தானே, எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் நினைத்தால் அதை விட்டுவிடுங்கள். உங்களுக்கும் தனியாக ஒரு ஆலோசகர் வேண்டும். அம்மா வீட்டுக்கு நடந்து போய் மடியில் படுத்து அழ வழியில்லாத ஊரில் இதையெல்லாம் தாங்கியிருக்கிறீர்கள்.

கார் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வேலையையும் விடாதீர்கள். அவர் மனம் சமாதானமாக வேண்டும் என்று பழைய மனைவியாக நடிக்கத் தொடங்கினால், ஒரு வருடத்துக்குள் உங்களுக்கு அவர்மேல் கசப்பு வரும், அதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் "நான் எதுக்கு?" என்ற கேள்விக்கு வீட்டுக்குள் ஒரு பதில் இருந்தாக வேண்டும். அவர் இல்லாத 14 மாதத்தில் வீடு இடைவெளியை மூடிக்கொண்டது. அது உங்கள் திறமை. மூடிய இடத்தில் அவர் விருந்தாளி போல நிற்கிறார். குப்பைப் பையை வெளியே வைக்கச் சொல்வது போன்ற பெயரளவு வேலை வேண்டாம், அது சிறுமைப்படுத்தும். உண்மையிலேயே உங்களுக்குப் பாரமாக இருக்கும் ஒன்றை முழுதாக ஒப்படையுங்கள். காலையில் பையனைப் பள்ளியில் விடுவதா, மாதக் கணக்கு வழக்கா, மாமியாரின் மருந்தும் கிளினிக் நாளுமா என்று நீங்களே பாருங்கள். ஒப்படைத்த பிறகு அவர் செய்யும் முறை உங்கள் முறையாக இருக்காது. அதில் கை வைக்காமல் இருப்பதுதான் கடினம்.

பெண் குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள். அவர் போகும்போது அவளுக்கு இரண்டு வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான். நினைவில் இல்லாத ஒரு உயரமான ஆள் திடீரென்று தூக்கினால் எந்தக் குழந்தையும் விறைக்கும். "அப்பாகிட்டப் போ, முத்தம் கொடு" என்று யாரும் தள்ள வேண்டாம், பாட்டியும்தான். அவர் தரையில் உட்காரட்டும். தினமும் ஒரே நேரத்தில், கால் மணி நேரம், அவள் விளையாடும் இடத்தில் சும்மா இருக்கட்டும், அவள் கொண்டு வந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளட்டும். வாரங்கள் ஆகும். தூக்கச் சொல்லி அவளே கையை நீட்டும் நாளுக்காக அவர் காத்திருக்க வேண்டும், நீங்கள் காத்திருந்தது போல.

எனக்குப் பையனைப் பற்றித்தான் அதிகக் கவலை. அவனைப் பற்றிக் கடிதத்தில் வயதைத் தவிர ஒன்றும் இல்லை, அவனுடைய நோட்டு மட்டும் இருக்கிறது. அப்பா போனபோது "இனிமே நீதான் வீட்டு ஆம்பளை" என்று அவனிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் யாராவது ஒரு மாமாவோ தாத்தாவோ சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து அவனை யாரும் விடுவித்திருக்க மாட்டார்கள். அப்பா வாயால் சொல்ல வேண்டும்: "நான் வந்துட்டேன்டா, நீ விளையாடப் போ." தட்டு சுவரில் உடைந்த இரவில் அவன் விழித்திருந்தானா என்று அவனிடம் கேளுங்கள்.

மாமியார்மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தம் நியாயம். ஆனால் அந்த மூன்று நாளும் அவர் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். உங்களுக்குக் கணவன், அவருக்கு வயிற்றில் சுமந்த பிள்ளை. அவர் ஏதாவது நேர்ந்துகொண்டிருப்பார். இந்த ஊர் மூதாட்டிகளை எனக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு மகனைக் கூட்டிப்போக வேண்டும் என்ற நேர்த்திக்கடன் இருக்கலாம். அன்று அங்கே கூடும் கூட்டமும் மேளச் சத்தமும் உங்கள் கணவரால் இப்போது தாங்க முடியாதவை. வற்புறுத்த வேண்டாம். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் விடியற்காலையில் நீங்கள் மூவரும் போய் வாருங்கள், அம்மன் ஏற்றுக்கொள்வாள். அதைச் சாக்கிட்டு மாமியாரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "அந்த மூணு நாளும் நீங்க என்ன நினைச்சீங்க, அத்தை?" உங்களைப் போலவே அவரும் யாரிடமும் சொல்லாத ஒன்றை வைத்திருக்கக்கூடும்.

படுக்கையறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் தயாராகும் வரை ஒரே கட்டிலை வற்புறுத்தாதீர்கள். இரவில் லவுஞ்சில் அவர் பக்கத்தில் ஒரு தேநீரோடு பத்து நிமிடம் உட்காருங்கள், பேச்சு வந்தால் வரட்டும். தூங்குகிறவரைத் திடீரென்று தொடாதீர்கள். உடல் நெருக்கம் தவறிப்போனால் அன்பு தவறிப்போனது என்று இப்போதைக்குப் பொருள் கொள்ள வேண்டாம், அவரும் கொள்ள வேண்டாம்.

கடைசியாக, நோட்டில் போட்ட கணக்கை அவரிடம் சொல்லலாமா? கடிதத்தில் நீங்கள் இதைக் கேட்கவில்லை, கேட்க வந்ததே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இன்றைக்கு வேண்டாம். கோபம் எங்கே போய் முடியும் என்று தெரியாத வீட்டில் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டிய விஷயம் அல்ல இது. ஆலோசகர் முன்னால், உங்கள் கணவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கிய பிறகு சொல்லுங்கள். முகாமில் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில் அவரும் ஒரு கணக்குப் போட்டிருப்பார். நான் போய்விட்டால் இவள் என்ன செய்வாள், ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாளா, பிள்ளைகள் தமிழ்நாட்டில் வளருமா என்று. இரண்டு கணக்கும் ஒரு மேசைமேல் வந்தால், ஒருவரை ஒருவர் இழந்துவிட்டதாக நினைத்து இருவரும் தனித்தனியே அழாமல் உட்கார்ந்திருந்தது இருவருக்கும் தெரியவரும். லிண்டமன் சொன்னதும் இதைத்தான்: அறுந்த பழைய உறவை மீட்பதைவிட, இரண்டு பேருக்கும் நடுவில் புதிய பழக்கம் ஒன்று தொடங்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள்.

அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தமிழில் எழுதினேன் என்றீர்கள். படிக்கத்தான் தெரியாது, காதால் கேட்பார். அவருக்கு அது பாட்டி தாலாட்டிய மொழி. இந்த வாரம் ஒரு இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, சோபா பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பதிலில் கோமாவைப் பற்றிய பத்தியையும் கதவைப் பற்றிய பத்தியையும் மட்டும் வாசித்துக் காட்டுங்கள். "யாருக்கோ எழுதியிருக்காங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் எழுந்து போய்விட்டால் போகட்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து கேட்டாரென்றால் எனக்கு எழுதுங்கள்.